யந்திரம் இல்லாத ஐஸ்கிறீம்: குளிருக்கு யார் விலை கொடுத்தார்கள்?



பாடசாலை விடுமுறைக் காலத்தில் எமது சிறுவர் நிகழ்ச்சிக்கு ஒரு தாயார் தொலைபேசி எடுத்திருந்தார். "ஐஸ்கிறீம் செய்யிற மெஷின் எங்களிட்டை இல்லை. அது இல்லாமல் வீட்டிலை செய்யேலுமோ?" என்று கேட்டார். செய்யலாம் என்று சொல்லி, செய்முறையைப் பிறகு தருவதாக நிகழ்ச்சியை முடித்துக்கொண்டோம். செய்முறையை இக்கட்டுரையின் இறுதியில் தருகிறேன். ஆனால் அந்தக் கேள்விக்குள் இன்னொரு எண்ணமும் ஒளிந்திருந்தது. மெஷின் வைத்திருப்பவர் செய்வதுதான் அசல், இல்லாதவர் செய்வது ஏதோ ஒப்புக்குச் செய்வது என்ற எண்ணம் அது. வரலாற்றைப் பார்த்தால் விடயம் நேர்மாறாக இருக்கிறது. அதைப் பற்றித்தான் இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

நான் தொழிலால் கணக்காளன், சமையற்கலைஞன் அல்லன். எந்தப் பொருளைப் பார்த்தாலும் இதன் செலவு எவ்வளவு, அதை யார் கொடுத்தார்கள் என்று பார்ப்பது எனக்குப் பழகிவிட்டது. ஐஸ்கிறீமின் வரலாற்றையும் அப்படியே பார்த்தேன். பால் பெரிய செலவில்லை. மெஷினும் பெரிய செலவில்லை. செலவு முழுவதும் குளிரில்தான் இருந்தது.

ஒரு மேசைக்கு மட்டும்

இங்கிலாந்தில் ஐஸ்கிறீம் பரிமாறப்பட்டதாகக் கிடைக்கும் மிகப் பழைய பதிவுகளில் ஒன்று 1671ஆம் ஆண்டுக்குரியது. வின்ட்சர் கோட்டையில் புனித ஜோர்ஜ் திருநாள் விருந்து நடந்தது. இரண்டாம் சார்ள்ஸ் மன்னர் இருந்த மேசைக்கு ஒரு தட்டு ஐஸ்கிறீம் வைக்கப்பட்டதாக அவ்விருந்தின் விபரங்களை எழுதிவைத்த எலியாஸ் அஷ்மோல் குறிப்பிடுகிறார். ஒரேயொரு தட்டு, அதுவும் மன்னரின் மேசைக்கு மட்டும். மற்ற மேசைகளில் இருந்த பிரபுக்கள் அதைப் பார்த்திருப்பார்கள், அவ்வளவுதான்.

ஏன் அப்படி? பசுவும் பாலும் இங்கிலாந்தில் எங்கும் இருந்தன. ஆனால் கோடையில் ஐஸ் வேண்டுமானால் அதை மாரியிலேயே வெட்டி, நிலத்துக்கடியில் கட்டிய கிடங்கில் வைக்கோல் போட்டு மூடி, மாதக்கணக்கில் காப்பாற்ற வேண்டும். அப்படியொரு ஐஸ் கிடங்கை இதே மன்னர் 1660இல் லண்டன் சென். ஜேம்ஸ் பூங்காவை ஒட்டிக் கட்டுவித்திருந்தார். நிலமும் கிடங்கும் வேலையாட்களும் உள்ளவருக்கே கோடையில் குளிர் கிடைத்தது. ஐஸ்கிறீம் அரசரின் உணவாக இருந்ததற்கு அதன் சுவையைவிடக் கிடங்கே காரணம்.

உப்பின் இரகசியம்

இங்கே பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய ஒரு சிறு விஞ்ஞானம் இருக்கிறது. ஐஸ் கட்டிகளுக்கு நடுவே பால் நிறைந்த பாத்திரத்தை வைத்தால் பால் குளிரும், ஆனால் உறையாது. ஐஸ் உருகுவது பூச்சியம் பாகையில். சீனி கலந்த பால் உறைவதற்கு அதைவிட இரண்டு மூன்று பாகை கீழே போகவேண்டும். அந்த இரண்டு மூன்று பாகையைத் தருவது உப்பு.

கணக்குப் படித்தவர்களுக்கு இதை இரட்டைப் பதிவு முறையில் விளக்கலாம். வெப்பம் ஒரு கணக்கிலிருந்து குறைந்தால் இன்னொரு கணக்கில் ஏறியே ஆகவேண்டும், காணாமல் போகாது. ஐஸ் உருகுவதற்கு நிறைய வெப்பம் தேவை. ஒரு கிலோ ஐஸை உருக்கும் வெப்பத்தைக் கொண்டு, உருகிய அந்த ஒரு கிலோ தண்ணீரை 80 பாகை வரை சூடாக்கிவிடலாம். உப்புப் போட்டால் ஐஸ் பூச்சியத்துக்குக் கீழேயும் உருகத் தொடங்குகிறது. உருகுவதற்கான வெப்பத்தை அது அருகிலிருப்பதிடமிருந்து எடுக்கிறது. அருகிலிருப்பது பால் பாத்திரம். பாலின் கணக்கில் கழிவது ஐஸின் கணக்கில் சேர்கிறது. மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு என்ற அளவில் நன்றாகக் கலந்தால் பூச்சியத்துக்குக் கீழே 21 பாகை வரை போகலாம்.

இந்த அறிவு ஓரிடத்தில் மட்டும் பிறந்ததல்ல. அக்பர் சக்கரவர்த்தியின் அரசவையைப் பற்றி அபுல் பசல் எழுதிய 'ஐன்-இ-அக்பரி'யில், வெடிமருந்துக்குப் பயன்படும் வெடியுப்பைத் தண்ணீரில் கரைத்து, அதற்குள் மூடிய கூசாவை வைத்து ஆட்டிக் குடிநீரைக் குளிர வைத்த முறை சொல்லப்பட்டிருக்கிறது. 1586க்குப் பின் அரசவை லாகூரில் இருந்தபோது மலையிலிருந்து ஐஸ் கொண்டுவரப்பட்டதையும் அதே நூல் சொல்கிறது. இத்தாலியில் ஜம்பத்திஸ்தா தெல்லா போர்த்தா 1589இல் வெளியிட்ட நூலில், பனியையும் வெடியுப்பையும் கொண்டு வைனை உறைய வைக்கும் முறை உண்டு. நேப்பிள்ஸ் நகரில் அந்தோனியோ லத்தீனி 1690களில் வெளியிட்ட சமையல் நூலில் பாலில் செய்யும் உறைந்த இனிப்பும் வந்துவிட்டது. இவர்கள் எவரிடமும் மெஷின் இருக்கவில்லை.

வாளியும் வைக்கோலும்

ஆங்கிலத்தில் அச்சான முதலாவது ஐஸ்கிறீம் செய்முறை என்று சொல்லப்படுவது 1718இல் லண்டனில் வெளிவந்த மேரி ஈல்ஸ் அம்மையாரின் நூலில் இருக்கிறது. அவர் சொல்வதைச் சுருக்கமாகத் தருகிறேன். தகரக் குவளைகளில் கிறீமை ஊற்றி இறுக்கமாக மூடவேண்டும். ஆறு குவளைகளுக்கு 18 முதல் 20 இறாத்தல் ஐஸ் வேண்டும், அதாவது எட்டு ஒன்பது கிலோ. அதைச் சிறிதாக உடைத்து, ஒரு இறாத்தல் உப்புச் சேர்த்து, வைக்கோல் பரப்பிய வாளிக்குள் குவளைகள் ஒன்றோடொன்று முட்டாதபடி வைத்து, மேலேயும் ஐஸும் வைக்கோலும் போட்டு மூடி, வெளிச்சம் படாத நிலவறையில் வைத்தால் நான்கு மணித்தியாலத்தில் உறைந்துவிடும்.

கிண்டச்சொல்லிக்கூட அவர் சொல்லவில்லை. அப்படிச் செய்தது சற்றுக் கல்லுப்போல இருந்திருக்கும். பின்னால் வந்தவர்கள் இடையிடையே திறந்து கிளறினால் மென்மையாக வரும் என்று கண்டுகொண்டார்கள். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தோமஸ் ஜெபர்சன் தம் கைப்பட எழுதிய வனிலா ஐஸ்கிறீம் செய்முறை இன்றும் அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது. இரண்டு போத்தல் கிறீம், ஆறு முட்டை மஞ்சட்கரு, அரை இறாத்தல் சீனி. மூடிய பாத்திரத்தை ஐஸுக்கும் உப்புக்கும் நடுவில் வைத்துப் பத்து நிமிடம் கையால் சுழற்றி, பிறகு திறந்து, ஓரத்தில் உறைந்ததைக் கரண்டியால் வழித்துவிட்டு மீண்டும் சுழற்றவேண்டும்.

சுழற்றியது யாருடைய கை என்பது அந்தக் குறிப்பில் இல்லை. ஜெபர்சன் வீட்டுச் சமையலறையில் வேலைசெய்தவர்கள் அடிமைகள். அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் ஹெமிங்ஸை அவர் 1784இல் பாரிஸுக்குக் கூட்டிச்சென்று பிரெஞ்சுச் சமையல் பழக்குவித்தார். ஹெமிங்ஸுக்கு விடுதலை கிடைத்தது 1796இல்தான். அந்தக் காலத்துச் சீனியும் பெரும்பாலும் கரீபியன் தீவுகளில் அடிமைகளின் உழைப்பில் வந்தது. அன்றைய ஐஸ்கிறீம் கணக்கில் இவையெல்லாம் செலவாகப் பதியப்படவில்லை. வேறு யாரோ அந்த விலையைக் கொடுத்தார்கள்.

கைபிடி வந்த ஆண்டு

மெஷின் வந்தது 1843இல். அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த நான்சி ஜோன்சன் என்ற பெண்மணி அவ்வாண்டு செப்டம்பரில் தம் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். மர வாளி, அதற்குள் தகர உருளை, உருளைக்குள் துடுப்பு, வெளியே சுற்றும் கைபிடி. கைபிடியைச் சுற்றினால் துடுப்பு சுழன்று, ஓரத்தில் உறைந்ததை வழித்துக் கலக்கிக் காற்றையும் சேர்த்துவிடும். வாளிக்குள் அதே ஐஸ், அதே உப்பு. கரண்டி பிடித்த கைக்குச் சற்று ஓய்வு கிடைத்தது. இன்று கடையில் விற்கும் மின்சார மெஷினும் அந்த வேலையைத்தான் செய்கிறது.

வின்ட்சர் விருந்திலிருந்து இந்தக் கைபிடி வரை 172 ஆண்டுகள். அவ்வளவு காலமும் அரசர் முதல் ஜனாதிபதி வரை உண்டது மெஷின் இல்லாத ஐஸ்கிறீம்தான்.

கப்பலேறிய ஐஸ்

குளிரின் விலை குறையத் தொடங்கியது வேறொரு வழியால். பொஸ்ரன் நகரின் பிரெடெரிக் ரியூடர் என்ற வியாபாரி, குளத்தில் உறைந்த ஐஸை வெட்டிக் கப்பலில் வெப்ப நாடுகளுக்கு அனுப்பலாம் என்று நினைத்தார். ஊரே சிரித்தது. 1806இல் மார்த்தினிக் தீவுக்கு 130 தொன் ஐஸ் கொண்டுபோனார். அங்கே ஒரு பூங்கா விடுதிக்காரர், இந்த நாட்டு வெயிலில் ஐஸ்கிறீம் செய்யவே முடியாது என்று சாதித்தார். ரியூடர் தாமே நின்று செய்துகாட்டினார். முதல் இரவிலேயே அந்த விடுதிக்காரருக்கு 300 டொலர் வரவு வந்ததாக ரியூடர் எழுதிவைத்திருக்கிறார். ஆனால் ரியூடருக்கு அந்தப் பயணம் நட்டத்தில்தான் முடிந்தது. கொண்டுபோன ஐஸை வைக்க அத்தீவில் கிடங்கு இருக்கவில்லை.

அவர் பாடம் படித்துக்கொண்டார். ஐஸைச் சுற்றி மரத்தூள் போட்டு அடைத்தார், போகுமிடத்தில் கிடங்கு கட்டினார். 1833இல் பொஸ்ரனிலிருந்து 180 தொன் ஐஸோடு புறப்பட்ட கப்பல், பூமத்திய ரேகையை இருமுறை கடந்து, நான்கு மாதங்களுக்குப் பின் கல்கத்தாவை அடைந்தபோது ஏறத்தாழ 100 தொன் மிஞ்சியிருந்தது. 1842இல் சென்னைக் கடற்கரையில் ஐஸ் கிடங்கு கட்டப்பட்டது. சென்னைக்குப் போனவர்கள் 'ஐஸ் ஹவுஸ்' என்ற இடப்பெயரைக் கேட்டிருப்பீர்கள். 1897இல் சுவாமி விவேகானந்தர் தங்கியதால் இன்று விவேகானந்தர் இல்லம் என்று அழைக்கப்படும் கட்டடம் அதுதான். அமெரிக்கக் குளத்து ஐஸ் தமிழ் மண்ணில் வந்திறங்கிய இடம். அதை வாங்கியவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களும் வசதியுள்ளோரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஒரு பென்னி ஐஸ்கிறீம்

லண்டனில் சாதாரண மக்களின் கைக்கு ஐஸ்கிறீமைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஒரு குடியேறி. சுவிற்சர்லாந்தின் இத்தாலிய மொழி பேசும் திச்சீனோ மாநிலத்துக் கார்லோ காத்தி. 1847இல் இங்கு வந்து தெருவில் தட்டு வைத்துப் பலகாரம் விற்றவர். பிறகு ஹங்கர்போட் சந்தையில் கடை போட்டு ஐஸ்கிறீம் விற்றார். முதலில் ரீஜன்ற் கால்வாயில் மாரியில் உறைந்த ஐஸை வெட்டியெடுத்தார். 1857 முதல் நோர்வேயிலிருந்து கப்பலில் இறக்குவித்தார். அந்த ஐஸ் லைம்ஹவுஸில் இறங்கி, படகுகளில் கால்வாய் வழியாகக் கிங்ஸ் குறொஸ் பகுதிக்கு வந்து, ஆழமான கிணறுகளில் வைக்கப்பட்டது. அந்தக் கிணறுகள் இன்றும் உண்டு. லண்டன் கால்வாய் அருங்காட்சியகம் இருப்பது அந்தக் கட்டடத்தில்தான். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் போய்ப் பாருங்கள்.

ஐஸ் மலிந்ததும் கிளாக்கன்வெல் பகுதியில் வாழ்ந்த ஏழை இத்தாலியர்கள் வாளியில் கையால் செய்த ஐஸ்கிறீமைத் தள்ளுவண்டியில் விற்றார்கள். சிறிய தடித்த கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு பென்னிக்குக் கொடுப்பார்கள். வாங்குபவர் நக்கி முடித்துக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுப்பார், அதைத் துடைத்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். நோய் பரவுகிறதென்று 1899இல் லண்டனில் அந்தக் கிண்ணங்களைத் தடைசெய்தார்கள். சுகாதாரக் காரணம் நியாயமானது. ஆனால் அந்த மனிதர்களின் அழுக்கைப் பற்றிப் பேசிய அளவுக்கு, அவர்கள் வாழ்ந்த நெருக்கமான அறைகளின் வாடகையைப் பற்றி எவரும் பேசவில்லை. வந்த நாட்டில் மொழி தெரியாமல், கைத்தொழில் ஒன்றை மட்டும் நம்பிக் கடை போட்டவர்களின் கதை எம்மவருக்குப் புதிதல்ல.

எமது பக்கத்துக் கணக்கு

யாழ்ப்பாணத்தில் நான் சிறுவனாக இருந்தபோது குளிர் எங்கள் ஒழுங்கைக்குச் சைக்கிளில் வந்தது. பெட்டி கட்டிய சைக்கிளில் ஐஸ்பழக்காரர் மணியடித்து வருவார். நல்லூர்த் திருவிழாவுக்குப் போனால் ஐஸ்கிறீம் 'குடிக்காமல்' வீடு திரும்புவதில்லை. நாங்கள் அதைக் குடிப்பது என்றுதான் சொல்லுவோம். இன்று ஊருக்குப் போகும் எங்கள் பிள்ளைகளும் நல்லூரில் ரியோவைத் தேடிப் போகிறார்கள்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டில் மின்சாரம் நின்றது, ஆண்டுக்கணக்கில் வரவில்லை. வீட்டில் பிறிஜ் வைத்திருந்தவர்களுக்கு அது அலுமாரியாகிவிட்டது. அரிசி வைத்தார்கள், எறும்பு ஏறாதென்று சீனி வைத்தார்கள். அப்போது வணிகமாணிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த நான், எலி கடிக்காதென்று என் கொப்பிகளை எங்கள் பிறிஜ்ஜுக்குள் வைத்தேன். அதன் கதவைத் திறந்தால் புழுக்க மணம்தான் வரும்.

எங்கள் ஒழுங்கையில் நீரிழிவு நோயுள்ள ஒரு ஆசிரியர் இருந்தார். அரிதாகக் கிடைக்கும் இன்சுலின் மருந்தைப் போத்தலோடு பொலித்தீனில் சுற்றி, தண்ணீர் நிறைந்த மண்பானைக்குள் இறக்கி வைப்பார். பானையை ஈர மணலில் புதைத்திருப்பார். மண்ணின் துளைகளால் கசியும் நீர் காற்றில் ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்துச் செல்லும். உப்பும் ஐஸும் செய்யும் அதே கொடுக்கல் வாங்கல்தான். அவர் அந்தப் பானையை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டார். குளிர் என்பது இனிப்புக்கு மட்டும் தேவையான ஒன்றல்ல என்பதை நான் அந்தப் பானையில்தான் கண்டேன்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? இந்நாட்டில் பிறந்த எமது பிள்ளைகளுக்குக் குளிர் என்பது சுவரில் உள்ள ஆளியிலிருந்து வருவது. அதற்கு விலையுண்டென்பது 2022இல் மின்கட்டணம் ஏறியபோது சில வீடுகளில் முதல்முறையாக உணரப்பட்டது. ஐஸும் உப்பும் கொண்டு ஒருமுறை தங்கள் கையால் பாலை உறையவைத்த பிள்ளைக்கு அது வேறுவிதமாகப் புரியும்.

இனிச் செய்முறை

முதலாவது, கையால் குலுக்கும் முறை. சிறிய சிப் பை ஒன்றில் 150 மில்லிலீற்றர் பால், 100 மில்லிலீற்றர் டபிள் கிறீம், இரண்டு மேசைக்கரண்டி சீனி, சில துளி வனிலா விட்டுக் காற்றை வெளியேற்றி மூடுங்கள். பாதுகாப்புக்கு அதை இன்னொரு சிறிய பைக்குள் போடுங்கள். பெரிய பை ஒன்றில் ஒன்றரைக் கிலோ ஐஸும் 350 கிராம் கல்லுப்பும் போட்டு, சிறிய பையை அதன் நடுவே வைத்து மூடி, தடித்த துவாயால் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் குலுக்குங்கள். வெறுங்கையால் பிடிக்கவேண்டாம், உப்புச் சேர்ந்த ஐஸ் தோலைச் சுட்டதுபோலப் புண்ணாக்கிவிடும். திறப்பதற்கு முன் சிறிய பையின் வெளிப்புறத்தைத் தண்ணீரில் கழுவுங்கள், இல்லாவிட்டால் ஐஸ்கிறீம் உப்புக் கரிக்கும். மிஞ்சிய உப்புத் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றவேண்டாம்.

இரண்டாவது, ரின்பால் முறை. அமெரிக்கரான கெயில் போடன் 1856இல் காப்புரிமை பெற்ற முறையால் பரவிய ரின்பாலில் பெரும்பகுதித் தண்ணீர் ஏற்கெனவே வற்றவைக்கப்பட்டிருக்கிறது, சீனியும் நிறைய உண்டு. அதனால் பெரிய ஐஸ் பளிங்குகள் உருவாவது குறைவு. 600 மில்லிலீற்றர் டபிள் கிறீமை, அடிக்கும் கரண்டியைத் தூக்கினால் மெதுவாக மடிந்து விழும் பதம் வரை அடியுங்கள். மேலும் அடித்தால் வெண்ணெயாகத் திரண்டுவிடும். 397 கிராம் ரின்பாலையும் வனிலாவையும் சேர்த்து, அடித்த காற்று போகாதபடி மெதுவாகக் கலந்து, மூடியுள்ள பெட்டியில் ஊற்றி ஓரிரவு பிறீசரில் வையுங்கள். இடையில் கிண்டத் தேவையில்லை. மெஷினின் துடுப்பு சேர்க்கும் காற்றை நீங்கள் முன்கூட்டியே சேர்த்துவிட்டீர்கள். மாம்பழச் சுவை வேண்டுமானால் ரின்னில் வரும் மாம்பழக் கூழை ஒரு கோப்பை அளவு எடுத்து, அடுப்பில் சற்று வற்றவைத்து, நன்றாக ஆறியபின் சேருங்கள். வற்றவைக்காவிட்டால் அதிலுள்ள தண்ணீர் கல்லாக உறையும்.

இரண்டாவது முறை இலகுவானது, சுவையும் நல்லது. ஆனாலும் பிள்ளைகளோடு ஒருமுறையாவது முதலாவதைச் செய்யுங்கள். கை மாற்றிக் கை மாற்றிக் குலுக்கும் அந்தக் கால் மணிநேரம் யாரும் தொலைபேசியைத் தொட முடியாது. அந்த நேரத்தில் அம்மம்மாவையோ அப்பப்பாவையோ பக்கத்தில் இருத்தி, மின்சாரம் இல்லாத அந்த ஆண்டுகளில் எங்கள் வீட்டுப் பிறிஜ்ஜுக்குள் என்ன இருந்தது என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். கிடைக்கும் பதில்களை எமது வானொலிக்கு எழுதி அனுப்புங்கள், அல்லது நிகழ்ச்சி நேரத்தில் தொலைபேசியில் வந்து சொல்லுங்கள். அவற்றைத் தொகுத்து ஒரு நிகழ்ச்சியாக ஒலிபரப்ப ஆவலாக இருக்கிறோம்.